நீடித்த நாட்கள்

எங்கள் சபையில் வருடக் கடைசி இரவு ஆராதனையில் ஒரு வழக்கம் உண்டு. மணி பன்னிரண்டு அடித்து, ஒருவருக்கொருவர் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லி முடித்ததும் போதகர் ஒரு தட்டோடு முன்னால் வந்து நிற்பார். தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். வரிசையில் போய் ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அந்த வருடத்துக்கு உங்களுக்கான வசனம் அது. பிடிக்காத வசனம் வந்தால் நைசாக இன்னொன்றை எடுத்துக்கொள்கிற ஆட்களும் உண்டு, என் தங்கை உட்பட.

2017 டிசம்பர் 31 இரவு அப்பா எடுத்த அட்டையில் சங்கீதம் 91:16 இருந்தது. “நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி, என் இரட்சிப்பை அவனுக்குக் காண்பிப்பேன்.” அப்பா படித்துவிட்டுச் சிரித்தார். அம்மாவிடம் நீட்டினார். அம்மா அந்த இடத்திலேயே அழுதுவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் பினாங்கின் பட்டர்வொர்த் சாலையெங்கும் பட்டாசுப் புகை. பின்சீட்டில் அம்மா அந்த அட்டையைக் கைப்பையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார்.

2018 ஆகஸ்டில் அப்பா இறந்துபோனார். வயது 63.

அந்த அட்டையைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஆனால் அப்பாவின் கையிலிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருபது வருடம். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரைதான் காரணம். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒரே வரிசையில் மூன்று வீட்டில் இருந்தார்கள். 2013 ஆகஸ்டில் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறு மணி ஷிப்ட், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். பிறை தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர் என்பதால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ செலவை ஏற்றுக்கொண்டது. அந்த வகையில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். ஐந்து வருடத்தைக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 780 தடவை வருகிறது. தடவைக்கு இரண்டு ஊசி. நான் அவரை இறக்கிவிட்டு எதிர்க் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டே அலுவலக மின்னஞ்சல் பார்ப்பேன். அந்தக் கடைக்காரருக்கு என்னை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பக்கம் போவதைத் தவிர்க்கிறேன்.

தண்ணீர்தான் பெரிய போராட்டம். ஒரு நாளைக்கு 700 மில்லிக்கு மேல் கூடாது. சோற்றில் இருக்கும் ரசம், மாத்திரைக்குக் குடிக்கிற வாய்த் தண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். பினாங்கு வெயிலில் அது ஒரு சின்னப் போத்தல். அப்பா ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டுவார். நட்சத்திரப் பழம் வாசலில் காய்த்துக் கொட்டும், அதைத் தொடவே கூடாது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது விஷம். அம்மா மரத்தையே வெட்டச் சொல்லிவிட்டார்.

டயாலிசிஸுக்கு முன்னால் இடது கையில் ஒரு சின்ன அறுவை சிகிச்சை செய்வார்கள். தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்துவிடுவார்கள், ஃபிஸ்டுலா என்பார்கள். தமனி இரத்தம் வேகமாகச் சிரைக்குள் பாய்ந்து, சில வாரத்தில் சிரை தடித்து ஊசி போடத் தோதாகிவிடும். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே ஒரு வண்டு அடைபட்டுக் கிடப்பது போல விர்ரென்று அதிரும். காதை வைத்தால் பழைய மின்விசிறி ஓடுகிற சத்தம். தினமும் காலையில் தொட்டுப் பாருங்கள், அதிர்வு நின்றிருந்தால் உடனே ஓடி வாருங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

அம்மா அதை ஜெபமாக்கிவிட்டார். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, அப்பா தூங்கிக்கொண்டிருக்கும்போதே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்த இடது கையின் மேல் தன் கையை வைத்து ஜெபிப்பார். அதிர்வு இருக்கிறதா என்று பார்ப்பதும் ஜெபிப்பதும் ஒரே வேலை. ஜெபம் நீளமாக இருக்காது. “ஆண்டவரே, சுகமாக்கும். ஒரு கிட்னி ஏற்பாடு பண்ணும்.” அவ்வளவுதான். ஐந்து வருடம் அதே வாக்கியம்.

கிட்னி வரவில்லை. தங்கைக்குப் பரிசோதனை செய்தார்கள், பொருந்தவில்லை. எனக்குப் பரிசோதனை செய்தபோது எனக்கே சர்க்கரை தொடங்கியிருப்பது தெரிந்தது. இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்கான பட்டியல் எவ்வளவு நீளம் என்பது அந்த வட்டாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஜெபிக்காத முறை இல்லை. புதன் இரவு வீட்டு ஜெபம், வெள்ளி உபவாசம், வாட்ஸப் குழுவில் விடியவிடிய கைகூப்பிய படங்கள். 2018 ஜூலையில் அம்மா யாரிடமும் சொல்லாமல் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அக்காவோடு புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் கோயில் திருவிழாவுக்குப் போய்வந்தார். ஜூலை 26 திருநாள் சமயத்தில் அங்கே எள் போட்டால் எண்ணெய் ஆகும் கூட்டம். இந்து, சீனர், சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் என்று எல்லோரும் மெழுகுவர்த்தி ஏந்திப் போவார்கள். நாங்கள் தலைமுறை தலைமுறையாக மெதடிஸ்ட். அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினார் என்பது அன்று ராத்திரி போத்தலில் கொண்டுவந்த தண்ணீரைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பா போத்தலைத் தூக்கிப் பார்த்தார். “இது எத்தனை மில்லி? இதையும் கணக்குல எழுதணுமா?” என்றார். கடைசியில் ஒரு மூடி அளவு குடித்தார். அம்மாவுக்காக.

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை. சனி, ஞாயிறு இரண்டு நாள் இடைவெளி டயாலிசிஸ் நோயாளிகளின் இருதயத்துக்கு ஆபத்தானது என்று பிறகு படித்தேன். அம்மா வழக்கம் போல நாலரைக்கு எழுந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். முகத்தைப் பார்க்கவில்லை, மூச்சைக் கவனிக்கவில்லை. கையை வைத்திருக்கிறார். இடம் மாறி வைத்துவிட்டோமோ என்று கொஞ்சம் மேலே, அப்புறம் கொஞ்சம் கீழே வைத்துப் பார்த்திருக்கிறார். அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்.

அடக்கத்துக்குப் பிறகு இரண்டு ஞாயிறு வரை சபை அறிவிப்புத் தாளில் ‘சுகவீனமானவர்களுக்காக ஜெபியுங்கள்’ பட்டியலில் அப்பா பெயர் இருந்தது. யாரோ எடுக்க மறந்துவிட்டார்கள். நான் அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது ஞாயிறு பெயர் இல்லாததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஆறுதல் சொல்ல வந்தவர்களைக் குறை சொல்ல விருப்பமில்லை. பாதிப் பேர் சாப்பாடு கொண்டுவந்தார்கள், அவர்களுக்கு நான் எப்போதும் கடன்பட்டவன். மீதிப் பேர் விளக்கம் கொண்டுவந்தார்கள். “கர்த்தர் மூணு விதமா பதில் சொல்வார் தம்பி. ஆம், இல்லை, காத்திரு.” நானே ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவன்தான். இப்போது கேட்டால் எரிச்சல் வருகிறது. என்ன நடந்தாலும் அது ஏதோ ஒரு பதில் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் பதில் வராத ஜெபம் என்று ஒன்றே உலகத்தில் இல்லாமல் போகிறது. ஆனால் அது எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. நான் பார்த்தேன்.

இன்னொருவர் வெளியூர் ஊழியர். வீட்டுக்குள் வந்ததும் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “வீட்டுல ஏதோ ஒரு தடை இருந்திருக்கு. யோசிச்சுப் பாருங்க” என்றார். காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அம்மா யோசித்தார். மூன்று நாள் கழித்து ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்: “அந்த மெழுகுவர்த்திதான் காரணமாப்பா?”

அந்த ஊழியரிடம் போய்ச் சண்டை போடும் தைரியம் எனக்கு இல்லை. யோவான் 9-ஐ எடுத்து அம்மாவுக்கு வாசித்தேன். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள், யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்கிறார்கள். “அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல” என்கிறார் இயேசு. அம்மா கேட்டுக்கொண்டு குழாயை மூடினார். “அவனுக்குக் கண்ணு கிடைச்சுதே” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதற்கப்புறம் நான் வேதாகமத்தை வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன். கேட்டு, கிடைக்காமல் போனவர்களை மட்டும் தேடினேன். இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

மோசே நாற்பது வருடம் ஜனங்களைத் தூக்கிச் சுமந்தவர். யோர்தானைத் தாண்டி அந்த நல்ல தேசத்தைப் பார்க்க விடும் என்று கெஞ்சுகிறார். உபாகமம் 3-இல் கிடைக்கிற பதில்: “போதும், இனி இந்தக் காரியத்தைக்குறித்து என்னோடே பேசவேண்டாம்.” இந்த வசனத்தை எந்த வாக்குத்தத்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. தாவீது தன் பிள்ளைக்காக ஏழு நாள் தரையில் கிடந்து உபவாசம் இருக்கிறார், பிள்ளை செத்துப்போகிறது. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொள்கிறார், முள் அப்படியே இருக்கிறது. அவருக்காவது “என் கிருபை உனக்குப்போதும்” என்று ஒரு வார்த்தை கிடைத்தது. 88-ஆம் சங்கீதக்காரருக்கு அதுவும் இல்லை. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் ஸ்தோத்திரத்திலோ நம்பிக்கையிலோ வந்து முடியும். இதுவோ, அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே நின்றுவிடுகிறது. தொகுத்தவர்கள் நினைத்திருந்தால் இரண்டு வரி சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை.

என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது அப்போஸ்தலர் 12. அந்த அதிகாரத்தைப் பேதுரு சிறையிலிருந்து விடுதலையான அதிகாரம் என்றுதான் எல்லோரும் பிரசங்கிப்பார்கள். சபை ஊக்கத்தோடு ஜெபித்தது, தூதன் வந்தான், சங்கிலி கழன்றது. ஆனால் அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில் யோவானுடைய சகோதரனாகிய யாக்கோபை ஏரோது பட்டயத்தால் கொலை செய்கிறான். ஒரே வசனம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. யாக்கோபுக்காக யாரும் ஜெபிக்கவில்லையா என்ன? அவருக்கும் ஒரு அம்மா இருந்தார். என் இரண்டு பிள்ளைகளும் உம்முடைய ராஜ்யத்தில் வலதுபக்கம் ஒருவன், இடதுபக்கம் ஒருவன் உட்கார வேண்டும் என்று இயேசுவிடமே போய்க் கேட்ட அம்மா. பேதுரு கதவைத் தட்டிய ராத்திரி அந்த அம்மா எங்கே இருந்தார் என்று யோசிப்பேன். விடுதலையான பேதுருவைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்பட்டபோது அவரும் சிரித்தாரா?

சரி, அட்டைக்கு வருகிறேன். 91-ஆம் சங்கீதம் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் மனப்பாடம். “உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன்” என்று தொடங்கினால் சின்னப் பிள்ளையும் முடிக்கும். அதைத் திரும்பத் திரும்பப் படித்தபோது, முன்பே தெரிந்த ஒன்று புதிதாக உறைத்தது. மத்தேயு 4-இல் பிசாசு இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகைமேல் நிறுத்தி, கீழே குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சொல்கிறான் அல்லவா? அங்கே அவன் எடுத்துக் காட்டும் வசனம் இந்தச் சங்கீதத்திலிருந்துதான், 11-உம் 12-உம். எங்கள் அட்டைக்கு நாலு வசனம் மேலே. இதோ எழுதியிருக்கிறது, நடக்கிறதா பார் என்று ஒரு வசனத்தைக் கிழித்துக் கையில் கொடுப்பது அவன் செய்த வேலை. இயேசு குதிக்கவில்லை. நீடித்த நாட்களும் அவருக்குக் கிடைக்கவில்லை. கேளுங்கள் அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும் என்று மலையில் உட்கார்ந்து சொன்னவரே கெத்செமனேயில் இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று முகங்குப்புற விழுந்து கேட்டார். நீங்கவில்லை.

வாக்குத்தத்த அட்டையே தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவர்களை நாம் இளக்காரமாகப் பார்க்கிறோம். தட்டிலிருந்து அட்டை எடுக்கும்போது நம் விரல் நடுங்குவதும் கிட்டத்தட்ட அதே நடுக்கம்தான் என்பது என் சந்தேகம்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் பாட்டி ஏற்கெனவே வேறு ஒன்று செய்து வைத்திருந்தார், அது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

பாட்டி, அப்பாவின் அம்மா, மலாயாவில் ஒரு எஸ்டேட் தோட்டத்தில் பிறந்தவர். ஜப்பான்காரன் காலத்தில், 1943-இல், அவருடைய அண்ணனைச் சயாம் ரயில் போட ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போது அண்ணனுக்கு 19, பாட்டிக்கு 12. தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குக் காட்டையும் மலையையும் வெட்டி 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரமாயிரமாக அங்கேயே காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். பெரும்பாலானோருக்குக் கல்லறை கிடையாது, பெயர்ப் பட்டியல் கிடையாது. போரில் கைதான வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது. பாட்டியின் அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை.

நான் பார்த்த பாட்டி ராத்திரி ஏழரை மணிக் குடும்ப ஜெபத்தில் பெயர்களை வரிசையாகச் சொல்லி ஜெபிப்பார். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அடுத்த வீட்டுச் சீனக் கிழவி, கடைசியில், “சயாமுக்குப் போன அண்ணனையும் நினைத்தருளும்.” எனக்கு அது ஜெபத்தின் முடிவுக் குறி, அதைக் கேட்டதும் பாயைச் சுருட்டத் தயாராகிவிடுவேன். அப்பா சொல்லித்தான் தெரியும், அப்பா சிறுவனாக இருந்தபோது அந்த வரி வேறாக இருந்ததாம். “சயாமுக்குப் போன அண்ணனைத் திரும்பக் கொண்டுவாரும்.” எப்போது மாறியது என்று கேட்டேன். யாரும் கவனிக்கவில்லை என்றார். பாட்டியே கவனித்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

ஒருமுறை ஒரு போதகர், பழைய ஆள், மென்மையாகச் சொல்லிப் பார்த்தாராம், இறந்தவர்களுக்காக நாம் ஜெபிப்பதில்லையே அம்மா என்று. பாட்டி, “அவன் செத்ததை நீங்க பாத்தீங்களா ஐயா?” என்று கேட்டிருக்கிறார். போதகர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. 1996-இல் பாட்டி இறக்கும்வரை அந்த வரி இருந்தது. ஐம்பத்து மூன்று வருடம்.

அப்பா போன பிறகு அம்மா மூன்று மாதம் சத்தமாக ஜெபிக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடுவார், உதடு அசையாது. நானும் தூண்டவில்லை. நவம்பரில் ஒரு விடியற்காலை தண்ணீர் குடிக்க எழுந்தபோது அம்மா அறையில் பேச்சுச் சத்தம். கட்டிலின் அதே ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். “நான் கேட்டேன். நீரும் கேட்டீர். கேட்டீர்தானே?” அவ்வளவுதான் காதில் விழுந்தது. அம்மா தமிழ் படித்தது ஆறாம் வகுப்பு வரை. வார்த்தையில் விளையாடுகிற ஆள் இல்லை. ஆனால் நம் மொழியில் கை நீட்டிக் கேட்பதும் கேட்பதுதான், காது கொடுத்துக் கேட்பதும் கேட்பதுதான். நான் கதவருகே நின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்தேன். ஆபகூக் தீர்க்கதரிசியும் “நீர் கேளாமலிருக்கிறீரே” என்று தொடங்கியவர்தான். அவரிடம் விளக்கம் இல்லாதபோதும் பேசுவதை நிறுத்தவில்லை.

எனக்கு இன்றுவரை காரணம் தெரியாது. அப்பாவுக்கு ஏன் கிட்னி வரவில்லை, பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஏன் வந்தது. தெரிந்தால் என்னால் தாங்க முடியுமா என்பதும் சந்தேகம். எந்தக் காரணம் சொன்னாலும் அப்பாவின் உயிருக்கு அது ஈடாகாது என்று நான் சண்டைக்கு நிற்பேன். ஆனால் ஜெபிக்கிறேன். முன்பைவிடக் குறைவாகக் கேட்கிறேன், அதிகமாகப் பெயர்களைச் சொல்கிறேன். பாட்டி ரத்தம்.

போன வருடம் ஒரு ஞாயிறு. சாட்சி நேரம். எங்கள் சபையில் சாட்சி என்றால் ஒரு வடிவம் உண்டு: பிரச்சினை, ஜெபம், அற்புதம், அல்லேலூயா. ஒரு பையனுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம், ஒரு அக்காவுக்குக் கட்டி கரைந்தது. எல்லாம் உண்மை, எனக்கு அதில் சந்தேகமில்லை. அப்புறம் யாரும் எதிர்பாராமல் அம்மா எழுந்தார். சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

“என் வீட்டுக்காரருக்காக நீங்க எல்லாரும் அஞ்சு வருஷம் ஜெபிச்சீங்க. அவர் இறந்துட்டார். ஜெபிச்சதுக்கு நன்றி.”

உட்கார்ந்துவிட்டார்.

கீபோர்ட் தம்பிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கையைக் கட்டைமேல் வைத்து எடுத்தான். போதகர் மைக்கைத் தூக்கினார், இறக்கினார். பின்வரிசையிலிருந்து ஒரு ஆண் குரல் மட்டும் மெதுவாக “ஆமென்” என்றது.

ஆராதனை முடிந்ததும் கீழே தேநீரும் கறிப்பாப்பும். நான் அம்மாவை அழைத்துப் போகத் தேடினேன். சபைக்கு நாற்பது வருடமாக வருகிற ஒரு வயதான அம்மா, எப்போதும் கடைசி வரிசையில் உட்கார்ந்து முடிந்ததும் முதல் ஆளாகக் கிளம்பிவிடுகிறவர், எங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “எனக்கும் ஒண்ணு இருக்கு, தங்கச்சி” என்றார். “யார்கிட்டயும் சொன்னதில்ல.”

இருவரும் சுவர் ஓரமாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். நான் இரண்டு கோப்பைத் தேநீர் கொண்டுபோய் வைத்துவிட்டுக் காருக்குப் போய் ஏர்கண்டிஷனரைப் போட்டுக் காத்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. திரும்பப் போய் எட்டிப் பார்த்தபோது தேநீர் அப்படியே இருந்தது. மேலே ஆடை படிந்திருந்தது.